நான் தள்ளி வைத்த நான்கு புள்ளிகள்

என் பெண்டாட்டியை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டு நான் முதலில் கேட்டது ஃபோனில். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நாறியதால் ஃபோனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“மேடம், நேத்து நீங்க அனுப்புன புள்ளியெல்லாம் மேப்புல ஏத்திட்டேன். சுத்தமா வந்திருக்கு.”

“செரி பாய். கீழாண்ட பக்கம் இன்னும் பாக்கி கீது. நாளைக்கி தண்ணி வத்தத்துல போயி வெச்சிட்றேன்.”

“கை காலைப் பாத்துக்குங்க மேடம்.”

நான் உள்ளே படுத்திருந்தேன். அந்த ஆளுக்கு அவள் கையும் காலும் எதற்கு என்று தோன்றியது. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை என்னை டேய் என்றும் யோவ் என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். ரத்னகிரியில் மதராசி என்றார்கள். சார் என்று ஒரே ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் நின்றவரை.

பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன்தான் நான். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, வீட்டில் சோறும் இருந்தது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். எளாவூர் செக்போஸ்டில் நின்றிருந்த நெல்லூர் லாரி ஒன்றில் கிளீனராக ஏறினேன். அப்புறம் காசிமேட்டு மீன்பிடி லாஞ்சு, மங்களூர், ரத்னகிரி, வெராவல். நடுவில் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டேன். மகள் பிறந்தாள். மறுபடி கிளம்பிவிட்டேன். நைனா செத்தபோது நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தேன். கடைசியில் ரத்னகிரி லாஞ்சில் வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. துணியைச் சுற்றிக்கொண்டு கரை சேரும்வரை மீன் பிரித்தேன். அதற்குப் பிறகு எந்த டிரைவரும் என்னை ஏற்றவில்லை. லாஞ்சு ஓட்டுகிறவரை நாங்கள் டிரைவர் என்றுதான் சொல்வோம். ஊருக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு மேடம் இருந்தாள்.

பாய் என்று அவள் சொன்னது பழவேற்காட்டு டவுனில் இருக்கும் ஒருவரை. அவர் குடும்பத்தில் ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பினார்களாம். இவர் படகில் ஏறினாலே இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். என் வயதுதான் இருக்கும். சென்னையில் ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து இன்டர்நெட்டில் ஏரிக்கு ஒரு மேப் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் ஃபோனில் திறந்து பார்க்கலாம். அடியில் சேட்டிலைட் படம். அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக நிறம். ஆழத்துக்கு நீலம், நண்டும் இறாலும் பிடிக்கிற இடத்துக்குப் பச்சை, பூநாரை இறங்கும் சேற்றுக்கு மஞ்சள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதற்கு வேறு ஒரு நிறம். வேண்டிய நிறத்தை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடலாம்.

இந்த நிறமெல்லாம் சேட்டிலைட்டுக்குத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் ஏரி முழுக்க ஒரே டீத்தண்ணி. யாராவது இடத்துக்குப் போய், ஃபோனில் அமுக்கி, இங்கே இன்னது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாய் எங்கள் குப்பத்துக்கு வந்து கேட்டபோது ஆண்கள் யாரும் அசையவில்லை. என் பெண்டாட்டி பத்தாவது பாஸ். “நான் அமுக்குறேன் பாய்” என்றாளாம். அப்போது நான் ரத்னகிரியில் இருந்தேன். நான் மட்டும் ஊரில் இருந்திருந்தால் அந்த வேலை எனக்குத்தான் வந்திருக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எரிந்ததற்குக் காரணம் உண்டு. ஜி.பி.எஸ். என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். லாஞ்சில் அந்தப் பெட்டி முன்னால் வருஷக்கணக்கில் நின்றவன் நான். அவள் லாஞ்சில் கால் வைத்ததே இல்லை. அவள் தொழில் தடவுவது. பெண்கள் வற்றின தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. அதை ஆண்கள் ஒரு தொழில் என்றே சொல்வதில்லை.

ஆனால் மேப்பில் அவளுடைய பேர்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் என் ஃபோனில் திறந்து பார்ப்பேன். ஒரு புள்ளியைத் தொட்டால் சின்னப் பெட்டி ஒன்று விரியும். என்ன இடம், என்ன ஆழம், பதிவு செய்தவர் யார். தொட்ட இடத்திலெல்லாம் அவள். பசியாவரத்துக்குத் தெற்கே அவள், தோணிரேவுக்கு எதிரே அவள். ஒருநாள் மேப்பை விரலால் தள்ளித் தள்ளி ரத்னகிரிவரை போய்ப் பார்த்தேன். நான் இத்தனை வருஷம் கிடந்த கடல் வெறும் நீலமாக இருந்தது. எதைத் தொட்டாலும் ஒன்றும் விரியவில்லை.

டீக்கடையிலும் நிம்மதி இல்லை. “வாபா, மேடம் ஊட்டுக்காரரே” என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒருவன், “உன் கட்டிலு எங்க கீதுன்னு மேப்புல போட்டாங்களா, இல்லாங்காட்டி தேடிக்கினு போவியா?” என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பேன்.

“இன்னாமே, இங்க முட்டி ஆழம்னு போட்டுக்கீற? அங்க இடுப்பு வரும்.”

“நீ எப்பயா கடைசியா அங்க எறங்குன?”

“சின்னதுல.”

“அப்ப உன் இடுப்பு எங்க இருந்துச்சு?” என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்த வருஷம் முகத்துவாரம் தூர்ந்துபோயிருந்தது. ஏரித்தண்ணீர் கடலுக்குப் போகும் வாய் அது. மணல் மூடிவிட்டால் படகும் போகாது, கடலிலிருந்து இறால் குஞ்சும் உள்ளே வராது. இயந்திரம் வைத்து மணலை வாரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் குப்பமே சந்தோஷப்பட்டது. ஒரே கேள்விதான் இருந்தது. வாரின மணலை எங்கே கொட்டுவது?

பாய் வீட்டுக்கு வந்து சொன்னார். “அதிகாரிங்க நம்ம மேப்பைத்தான் பாக்கப்போறாங்க மேடம். கலர் இருக்கிற எடத்துல கொட்ட மாட்டாங்க. கலர் இல்லாத எடம் அவங்களுக்குச் சும்மா கெடக்குற எடம். எறாத்திட்டு இன்னும் வெக்கலியே.”

எறாத்திட்டு என்பது முகத்துவாரத்துக்கு உள்பக்கம் இருக்கும் மேட்டுத்தரை. தண்ணீர் வற்றினால் முட்டிக்குக் கீழே வந்துவிடும். குப்பத்துப் பெண்கள் வருஷம் முழுக்கத் தடவுவது அங்கேதான். என் அக்கா புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவளுக்கு வேறு பிழைப்பே கிடையாது. என் மகள் திருவள்ளூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்ததும் அந்தத் திட்டின் காசில்தான். நான் வெளியூரிலிருந்து ஒழுங்காக எதுவும் அனுப்பினவன் இல்லை. மணல் அங்கே விழுந்தால் இவர்கள் அத்தனை பேரும் ஓட்டல் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான். இதெல்லாம் தெரியாமல் நான் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

திட்டை வைக்க வேண்டிய வாரத்தில் அவள் கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. சேற்றுக்குள் கையை விடுகிறவர்களுக்கு இது நடப்பதுதான். மணிக்கட்டுவரை வீங்கி, ஊசி போட்டு, தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் இரண்டு தடவை ஃபோன் செய்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ போயி வெச்சிட்டு வாயா.”

“நானா? எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா மேடமா?”

“ஐய, கேலியப் பாரு. ஜி.பி.எஸ். கிழிச்சவன்தான நீ? நாலு மூலையில நாலு அமுக்கு, போதும்.” வீங்காத கையால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். “லைட் ஹவுசும் கோயில் கோபுரமும் ஒண்ணா சேர்ற எடத்துல ஒரு மூலை. அங்கேர்ந்து வடக்க போ. காலுல சேறு போயி மணலு தட்டும். அது ரெண்டாவது. படகுல ஒக்காந்துகினு வெக்காத. எறங்கிப் பாத்து வையி.”

ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

லாஞ்சுகளில் ஒரு பழக்கம் உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். மீன் கூட்டமாகக் கிடைத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை நாங்கள் பாயிண்ட் என்போம். டிரைவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதி, இடுப்பிலேயே வைத்திருப்பார். பக்கத்து லாஞ்சு வயர்லெஸ்ஸில் கேட்டால் கொடுப்பார், ஆனால் கடைசி இரண்டு எண்ணை மாற்றிக் கொடுப்பார். கேட்டவனுக்கும் அது தெரியும். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. சரியான பாயிண்டைக் கொடுக்கிறவனைத்தான் லூசு என்பார்கள். என் டிரைவர் சொந்த மச்சானுக்கே தள்ளித்தான் கொடுத்தார். மச்சான் அதற்காக அவர் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருக்கவில்லை.

அன்று காலை நான் முதல் மூலைக்குச் சரியாகத்தான் போனேன். லைட் ஹவுசும் கோபுரமும் ஒன்றாகச் சேர்ந்தன. மோட்டாரை அணைத்தேன். அக்காவும் இன்னும் நான்கைந்து பெண்களும் கொஞ்சம் தள்ளிப் பறியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல்லில் பறி இருந்ததால் அக்கா கையை மட்டும் ஆட்டினாள். ஃபோனை எடுத்தேன். திறந்ததும் பாய் அனுப்பிய செய்தி ஒன்று மேலே நின்றது. “மேடம், இது உங்க மேப். நீங்க இல்லாம எதுவும் இல்லை.”

மறுபடி மோட்டாரைப் போட்டேன்.

கிழக்கே, படகுகள் போகும் கால்வாய்ப் பக்கம் திருப்பினேன். தண்ணீரின் நிறம் மாறுவது தெரிந்தது. அங்கே போய், படகில் உட்கார்ந்தபடியே அமுக்கினேன். பிறகு வடக்கே, மேற்கே, தெற்கே என்று அவள் சொன்ன அதே அளவில் மற்ற மூன்றையும் அமுக்கினேன். திட்டின் வடிவம் அப்படியே வந்தது. இடம்தான் தள்ளி இருந்தது. நம் இடத்தை எதற்கு ஊர்பேர் தெரியாதவனெல்லாம் பார்க்கும்படி கொடுக்க வேண்டும், லாஞ்சுக்காரன் எவனாவது கொடுப்பானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். இன்னொரு பாதி, ஒரு தடவையாவது அவள் மேப் தப்பாகட்டும் என்பது.

வீட்டில் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். பச்சைக் கட்டம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் ஆழத்தின் நீலம் இன்னும் பூசாமல் இருந்ததால் திட்டும் கால்வாயும் ஒரே மாதிரி தெரிந்தன. கை வலியில் அவளும் உற்றுப் பார்க்கவில்லை.

“எறங்கிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“மணலு தட்டுச்சா?”

“தட்டுச்சு.”

“பாய் கிட்ட சொல்றேன், இத எங்க ஊட்டுக்காரு வெச்சதுன்னு” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். வேண்டாம், உன் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பாள். அன்று எனக்கு நண்டு வறுத்தாள், ஒரு கையால்.

சில வாரம் கழித்து புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் பெரிதாக ஏரியைக் காட்டினார்கள். வந்திருந்த அதிகாரி ஒரு அம்மா. அதட்டிப் பேசுகிறவர் இல்லை. “நீங்க வெச்ச மேப்பைத்தான் பாத்தோம். நீங்க தொழில் பண்ற எடம் எதையும் தொடலை. இது மட்டும் காலியா இருக்கு, மணலை இங்க கொட்டப்போறோம்” என்று ஒரு சாம்பல் நிறக் கட்டத்தைக் காட்டினார்.

லைட் ஹவுசும் கோபுரமும் சேர்கிற அதே இடம். நான் துணியைப் பார்த்தேன், பிறகு என் காலைப் பார்த்தேன். பச்சைக் கட்டம் பக்கத்தில் கால்வாய் மேல் கிடந்தது. நடுவில் இருந்த தூரம் நான் மோட்டார் ஓட்டின தூரம்தான்.

என் அக்கா முதலில் எழுந்தாள். “எம்மா, அது எங்க எறாத்திட்டும்மா! அங்க மண்ணக் கொட்டுனா நாங்க எங்க போறது?”

“திட்டு இங்க இருக்குன்னு நீங்கதானே வெச்சிருக்கீங்க?” என்று அதிகாரி பச்சையைத் தொட்டார். பெட்டி விரிந்தது. என் பெண்டாட்டி பேர் துணி அளவுக்குப் பெரிதாக வந்தது.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், “பொம்பளைங்க கரையில ஒக்காந்துகினு குத்துமதிப்பா அமுக்கியிருப்பாங்க” என்றது. ஆண்கள் சிரித்தார்கள். பாய் எழுந்து, “மேடம் வெச்சது இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பானதில்லை” என்றார். “இது தப்பாச்சே” என்றான் சிரித்தவர்களில் ஒருவன்.

அவள் எழுந்து நின்றாள். துணியையே பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பவில்லை.

“எம்பேருதான் போட்டுக்கீது. தப்பு எம்மேல தாம்மா” என்றாள்.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் சிரித்தபோது எனக்கு நன்றாக இருந்தது. வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்தமாதிரி இருந்தது. ரொம்ப நேரம் இல்லை. அக்கா பறியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றாள். எப்போதும் கத்துகிறவள். அவள் கத்தாமல் நின்றதுதான் என்னை எழுப்பியது.

“அவ வெக்கல. நான் வெச்சேன். தள்ளி வெச்சேன்” என்றேன்.

கட்டடமே திரும்பியது. பாய்தான் முதலில் கேட்டார். “ஏன் சார் அப்படி செஞ்சீங்க?”

சார் என்றார். நிஜமாக என்னைப் பார்த்துத்தான். நான் லாஞ்சுப் பழக்கத்தைச் சொன்னேன். பாயிண்டை யாரும் சரியாகக் கொடுப்பதில்லை என்றேன். காசிமேடு, மங்களூர் என்று ஊர்களை அடுக்கினேன். சில ஆண்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்கு அது தெரியும். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று விளங்கியது. கடலில் மறைத்தால் இடம் நமக்கு. இங்கே மறைத்தால் இடம் போயே போய்விடும்.

“லாஞ்சாவது மண்ணாவது” என்றாள் அக்கா. இப்போது குரல் வந்துவிட்டது. “பொறாம! பொண்டாட்டிய நாலு பேரு மேடம்னு சொன்னா இவனுக்கு வவுறு எரியுது. சின்னதுலயே என் பாவாடைக்கு அழுதவன் இவன்!”

கூட்டம் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: “சரி. ஆனா எனக்கு ரெண்டு பேச்சு இருக்கு இப்ப. மேப் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. மண்ணு விழுதுன்னதும் மாத்திச் சொல்றாங்கன்னு மேல கேப்பாங்க. நாளைக்கு ஃபைல் போகணும். நான் எதை நம்புறது?”

“யாரையும் நம்பாத. வந்து பாரும்மா” என்றாள் என் பெண்டாட்டி. “இப்ப வத்தம். திட்டு கண்ணாலயே தெரியும்.”

“இந்தப் பச்சை இருக்கிற எடத்துல ஆழம் எவ்வளவு?”

அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இவரு எறங்கிப் பாத்தேன்னு சொன்னாரு. மணலு தட்டுச்சுன்னாரு. அவரையே எறக்கி உட்டுப் பாத்துக்கலாம்.”

இரண்டு படகில் போனோம். ஒன்றில் பெண்களும் அதிகாரியும் பாயும். இன்னொன்றை நான் ஓட்டினேன், காவலுக்கு அக்கா. என் ஃபோன் அக்கா கையில் இருந்தது. “இன்னும் போ. இன்னும். அவசரப்படாதடா, நீ வெச்ச எடத்துக்குத்தான போறோம்” என்று திரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் புள்ளியில் நிறுத்தச் சொன்னாள்.

“எறங்கு.”

சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் மூக்குக்கு வந்தது. கால் கட்டைவிரல்தான் தரையில் பட்டது. வற்றம் இழுத்தது. கடல் பக்கம் ஓடுகிற தண்ணீரில் நிற்க, கையைத் துடுப்புமாதிரி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“தடவுடா, எறா கீதா பாரு” என்றாள் அக்கா.

அடுத்த மூலையில் கால் எட்டவே இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவதில் கழுத்து. ஒவ்வொன்றிலும் அக்கா என்னைப் படம் எடுத்தாள். எடுக்கத் தெரியாது அவளுக்கு, பாய் அந்தப் படகிலிருந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். நான்காவது மூலையில் நின்றுகொண்டுதான் நான் அதைப் பார்த்தேன். தூரத்தில், திட்டின் மேல், பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தண்ணீர் முட்டிக்குக் கீழே. நடுவில் என் பெண்டாட்டி, வீக்கம் வடிந்த கையில் ஃபோன். அதிகாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே சேற்றில் நடந்தார். அவள் நின்ற இடத்தில் நின்றார், அவள் காட்டிய பக்கம் பார்த்தார். ஒருத்தி உட்கார்ந்து ஒரு கை இறாலை அள்ளிக் காட்டியதும் அதிகாரி சிரித்தது எனக்குக் கேட்டது. தண்ணீர் மேல் சத்தம் நன்றாக வரும்.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, திட்டு பிழைத்துவிட்டது என்று நிம்மதி வந்தது. கூடவே, அந்த அதிகாரி என் பின்னால் ஒரு அடியாவது நடந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை.

“ஏறுடா, போதும். பொறாமைக்காரா” என்று அக்கா கையை நீட்டினாள். விரல் இருக்கிற கையைக் கொடு என்றாள்.

மணலைக் கரையோரம் வேறு பக்கம் கொட்டினார்கள். முகத்துவாரமும் திறந்தது. திட்டு இப்போது மேப்பில் அதன் இடத்தில் பச்சையாக இருக்கிறது. தொட்டால் பெட்டி விரிந்து அவள் பேரும், வரிசையாக நிற்கிற பெண்களும் வருகிறார்கள். கால்வாயில் நான் வைத்த நான்கு புள்ளியையும் பாய் அழிக்கவில்லை. ஆழம் தெரிந்துவிட்டதால் அவை நீலத்தில் சேர்ந்துவிட்டன. அவற்றைத் தொட்டால் நான் வருவேன். வலையின் மிதப்புக்கட்டை மாதிரி ஒரு தலை மட்டும். அளந்தவர் என்ற இடத்தில் அக்கா பேர் இருக்கிறது.

மறுபடி ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். இரண்டு விரல் இல்லாதவனை எங்கும் ஏற்ற மாட்டார்கள் என்பது ஒன்று. போனால் இங்கே யார் யார் அவளுக்கு ஃபோன் செய்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடும் என்பது இன்னொன்று. இருந்துவிட்டேன்.

இப்போது ஏரியின் வடக்கே, ஆந்திரா பக்கத்துக் குப்பங்களுக்கு அவள் போகிறாள். அங்கே தடவுகிற பெண்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். படகு ஓட்டுவது நான். அவர்கள் தெலுங்கில் ‘மேடம்காரு’ என்கிறார்கள். என்னிடம் டீ குடித்தாயா என்று கேட்பார்கள். அவள் சொன்ன இடத்தில் மோட்டாரை அணைப்பேன். இறங்குவாள், காலால் தரையைத் தேய்த்துப் பார்ப்பாள், பிறகுதான் அமுக்குவாள். திரும்பி ஏறும்போது அவள் இரண்டு கையும் சேறாக இருக்கும். ஃபோனைப் பிடித்துக்கொள்ள நான் கையை நீட்டுவேன்.

“நீ படகப் புடியா” என்பாள். ஃபோனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறுவாள், பறியைக் கடிக்கிற மாதிரி.